எரித்தவருக்கே பாட்டு

"அம்மா வர்றாங்க. நோட்டை எரிக்கிற பாட்டை எடுத்துடு, டெரன்ஸ்."

இசையமைப்பாளர் டெரன்ஸ் பியானோவிலிருந்து கையை எடுக்கவில்லை. "நோரா, உன் கதைக்கு உயிரே அந்த இடம்தான்."

நோரா ஸ்பிட்ஸர் தன் சிறுவயதைப் படக்கதைப் புத்தகமாக வரைந்தவள். பத்து வயதில் அவள் படம் வரைந்த நோட்டை அம்மா அடுப்பில் போட்டது, எண்பத்து நான்காம் பக்கத்தில் ஒரே கட்டம். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. நியூயார்க்கில் அதை இசை நாடகமாக்கியபோது அந்தக் கட்டம் ஆறு நிமிடப் பாட்டாகிவிட்டது. தாளில் ஒரு பாத்திரம் சும்மா நிற்கலாம். மேடையில் பெரிய காரியம் செய்தவர் பாடியாக வேண்டும்.

புத்தகம் வந்து எட்டு வருடம். அம்மா எஸ்தர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. படிக்கவில்லை என்றே நோரா நம்பியிருந்தாள். இப்போது அம்மா புதன்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறாள், அதுவும் முதல் வரிசைக்கு.

"அதைப் பார்த்தா அப்புறம் என்கூடப் பேசவே மாட்டாங்க."

"அப்போ உங்கப்பா எரிக்கட்டும். செத்துப் போனவர், கோவிச்சுக்க மாட்டார்."

அன்று மாலையே அம்மா போனில் வந்தாள். "நாடகத்துல அப்பாவும் வர்றாராமே? நல்லபடியா காட்டியிருக்கேல்ல? ஒரு எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன்."

மறுநாள் அப்பா நிரபராதியானார்.

"பூனை அடுப்புல தட்டி விட்டுடுச்சுன்னு வெச்சுக்கலாம்," என்றாள் நோரா.

"அப்போ பூனை பாடணும்."

"பூனை எதுக்குப் பாடணும்?"

"எரிச்சவங்களுக்குத்தான் பாட்டு. ஆறு நிமிஷத்தைக் கொண்டுபோய் நான் எங்கே கொட்டறது?"

அம்மாவாக நடித்தவளுக்கே மீசையும் வாலும் ஒட்டினார்கள். "இருபது வருஷமா நடிக்கிறேன்," என்று வாலைக் கையில் பிடித்தபடி சொன்னாள்.

புதன்கிழமை, அழ வேண்டிய இடத்தில் அரங்கமே சிரித்தது. பூனைக்கு விழுந்த கைதட்டல் ஓயவில்லை. கடைசி வரிசையில் நின்ற நோரா மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்தலையைப் பார்த்தாள். அது அசையவேயில்லை.

விளக்குப் போட்டதும் ஓடினாள். எஸ்தர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மா, உங்களைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தைகூட வரலை, பார்த்தீங்களா?"

எஸ்தரின் அடுக்ககத்திலிருந்து வந்திருந்த ஒன்பது கிழவிகள் அவள் பின்னால் நின்றார்கள். அவர்களில் ஒருத்தியான மிசஸ் கப்லான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் எஸ்தர், நோட்டை எரிச்சது நான்தான்னு எட்டு வருஷமா லிஃப்ட்ல பீத்திக்கிட்டியே... கடைசியில பூனையா?"