டிரைவர் இறங்கிப்போன லேப்டாப்

பழவேற்காடு, பாலத்துக்கு அக்கரை.
வெள்ளிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு, மாமனார் திருவேங்கடம் வணக்கத்துடன் எழுதும் மடல். கொச்சியில் நீங்களும் அர்ச்சனாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். முகத்துவாரம் திறந்திருக்கிறது, ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, இறால் சுமாராகக் கிடைக்கிறது. நீங்கள் பொங்கலுக்கு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் மட்டும் சௌக்கியமாக இல்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனில் நான் வாயைத் திறந்ததும் அர்ச்சனா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், இந்தப் பக்கம் உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்கிறாள். ஆண்பிள்ளைகள் இருவர் மனம்விட்டுப் பேச இந்தக் காலத்தில் தபாலை விட்டால் வேறு வழியில்லை. அதனால்தான் உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படிக்கவும்.

நேற்று என்ன நடந்தது என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். திங்கட்கிழமை நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, நான் லேப்டாப்பை டிவியில் மாட்டி, என் போனிலிருந்து வைஃபை கொடுத்து, உங்கள் முகம் டிவி அகலத்துக்குத் தெரிந்தது அல்லவா? அதைப் பார்த்துவிட்டு உங்கள் அத்தை, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எங்க பொண்ணு டாக்டர் பட்டத்துக்குப் பேசுறா, எல்லாரும் வந்து பாருங்க என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்தத் தெருவில் இதுவரை யாரும் டாக்டர் பட்டம் வாங்கியதில்லை. பக்கத்து வீட்டுக் குணசுந்தரி, டாக்டர் என்றதும் தன் முழங்கால் வலியை எழுதிவைத்துக்கொண்டாள். இது நண்டு ஆராய்ச்சி டாக்டர் என்று விளக்கியும் அவள் கேட்கவில்லை.

இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைச் சும்மா திறந்து வைத்திருந்தேன். திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. புதிய மேம்பாடுகள் தயாராக உள்ளன, இப்போது நிறுவலாமா என்று சுத்தத் தமிழில் கேட்டது. மாப்பிள்ளை, இந்த வீட்டில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் எதையும் கேட்டதில்லை. சரி என்று அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஓடியது, தன்னை ஒருமுறை அணைத்து ஏற்றிக்கொண்டது. நல்ல காரியம் செய்தோம் என்று நானும் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திறந்தால், வலது மூலையில் விசிறி மாதிரி இருக்குமே வைஃபை அடையாளம், அதைக் காணோம். கோடு குறைந்திருந்தால் பரவாயில்லை, விசிறியே இல்லை. நாலு முறை அணைத்துப் போட்டேன். போனைத் தூக்கி லேப்டாப் தலைமேலேயே வைத்துப் பார்த்தேன். உங்களை அழைத்தால் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அந்நேரம் அர்ச்சனாவோடு அரங்கில் இருப்பீர்கள், தெரியும், இருந்தும் ஏழு முறை அழைத்தேன். அதற்குள் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். உங்கள் அத்தை பட்டுப்புடவையில் கேசரி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். படகு இன்ஜின் பார்க்கிற ரங்கன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையில் காது வைத்துக் கேட்டான்.

“இன்னாண்ணே இது, காத்து அடச்சிக்கினு கீது. ஊதி உட்டா சரியாப் பூடும்,” என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் பலமாக ஊதியும் விட்டான். கேசரி வாசனையோடு ஊதினான்.

மணி பத்தேகால். உங்கள் அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் இல்ல. லினக்ஸு கொஞ்சம் மக்கர் பண்ணுது.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சி?”

“அது அப்படித்தான். தானா இன்னாத்தையோ மாத்திக்கும்.”

பார்த்தீர்களா, பழியை லினக்ஸ் மேல் போட்டுவிட்டேன். முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன், சில்லறை இல்லை என்பதைத் தவிர வேறு பொய் சொன்னதில்லை. அவள் உடனே, “பரீதாவாண்ட எடுத்துக்கினு போலாம்,” என்றாள். வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, ரங்கன் வண்டியில் மூன்று பேருமாக, நடுவில் உட்கார்ந்த என் மடியில் லேப்டாப், பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் பறந்தோம். போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டினார். பின்னாலிருந்து உங்கள் அத்தை, “எம் பொண்ணு டாக்டராவுறா சார்!” என்று கத்தினாள். பிரசவக் கேஸ் என்று நினைத்தாரோ என்னவோ, வழிவிட்டார்.

பரீதாவை உங்களுக்குத் தெரியாது. பள்ளிவாசல் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், நாற்பது வயது இருக்கும். பொன்னேரி காலேஜுக்கு என் பஸ்ஸில் போன பெண். கடையில் இருக்கும் நாலு கம்ப்யூட்டரும் பழசு, வேறு எதுவும் அதில் ஓடாது என்று எல்லாவற்றிலும் லினக்ஸ்தான் போட்டிருக்கிறாளாம். இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். ஆதார் நகல் எடுக்க வந்தவர்களை நிறுத்திவைத்துவிட்டு லேப்டாப்பை வாங்கி, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, அதில் வெள்ளையாக என்னென்னமோ தட்டினாள்.

“பாஸ்வேர்ட் போடுங்கண்ணே.”

போட்டேன். ஒரு எழுத்து கூட விழவில்லை. பலமாக அடித்தேன், அப்போதும் விழவில்லை. கீபோர்டும் போய்விட்டது என்று எனக்கு வியர்த்துவிட்டது.

“அதுல அடிச்சது தெரியாதுண்ணே. பாதுகாப்புக்காவ அப்படி வச்சிக்கிறாங்க. நீங்க பாட்டுக்கு அடிங்க.”

“எத்தினி அடிச்சேன்னே தெரியலையேம்மா!”

“சரி, இன்னா பாஸ்வேர்டுன்னு சொல்லுங்க, நானே அடிக்கிறேன்.”

ஆதார் வரிசையில் நின்ற ஆறு பேர் முன்னால் அதைச் சொன்னேன். அதனால் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றவேண்டும். அதில் உங்கள் அத்தையின் பெயரும், அதற்கு முன்னால் ஒரு செல்லப்பெயரும் வருகிறது. ஒரு கிழவர் இன்று காலை அவள் மீன் கடைக்கே வந்து அவளை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டுவிட்டார்.

பரீதா திரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “யாரோ அப்டேட் குடுத்துக்கிறாங்கண்ணே. அதுல வைஃபை டிரைவர் பூட்சி. டிரைவர் இல்லாம வைஃபை ஓடாது.”

மாப்பிள்ளை, இந்தக் கம்ப்யூட்டர் விவகாரத்தில் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் வாக்கியம் இதுதான். டிரைவர் இல்லாமல் நானும் விசில் ஊதியதில்லை. “அப்ப வேற டிரைவரைப் போடும்மா,” என்றேன்.

“போடலாம். ஆனா டிரைவரை நெட்லேர்ந்துதான் எறக்கணும்.”

“நெட்டு வரணும்னா?”

“டிரைவர் வேணும்.”

இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை ஒருநாள் பொன்னேரி பஸ் நிலையத்தில் டூட்டி பார்க்க விடவேண்டும். மணி பதினொன்று ஐந்து. உங்கள் அத்தை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் பரீதா கையை நீட்டி, “உங்க போன் சார்ஜர் வயர் இருக்கா?” என்று கேட்டாள். ரங்கன் தன் வண்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். போனில் ஒரு முனை, லேப்டாப்பில் ஒரு முனை, போனில் எதையோ தொட்டாள். நெட் வந்துவிட்டது. சார்ஜ் போடுகிற அதே வயர். வைஃபையே வேண்டாமாம், வயர் வழியாக நெட் நேராக ஏறுமாம். “டிரைவரை அப்பறம் எறக்கிக்கலாம், மொதல்ல பொண்ணைப் பாருங்க,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

பதினொன்று இருபதுக்கு அர்ச்சனா திரையில் வந்தாள். நீலப் புடவையில் நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வார்த்தை கூடப் புரியவில்லை, ஒரு வார்த்தையையும் விடவில்லை. பின்னால் நம் ஏரி படம். ஆதார் வரிசை முழுக்க எங்கள் தோளுக்கு மேலே வந்து நின்றது. மீனைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா, இங்கேயே ஏரி இருக்கே என்று ஐந்து வருஷத்துக்கு முன்பு அவளைத் திட்டியவன் நான்தான். அவள் அதை எப்போதோ மறந்திருப்பாள். எனக்கு ஞாபகம் வந்து கண்ணாடியைத் துடைக்கவேண்டியதாயிற்று.

அப்புறம் கேள்வி நேரம். கேள்வி கேட்க வந்திருந்த அந்த நரைத்த தாடிக்காரர் ஏதோ கேட்டார். பரீதா எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: “நண்டை ஒடைக்காம உள்ள சதை கீதா இல்லையான்னு எப்படிப் பிரிச்சீங்கன்னு கேக்கறாரு.” அர்ச்சனா தன் தாள்களைப் புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உங்கள் அத்தைக்கு நிற்கவில்லை. திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு, மீன் கடையில் கூப்பிடுகிற குரலில், “அடியே, அடிவயித்தாண்ட கட்டைவெரல வச்சி அமுக்கிப் பாரு! அமுங்குச்சின்னா தண்ணி நண்டு, அமுங்கலைன்னா சதை நண்டு! எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்!” என்றாள்.

நாங்கள் பார்க்க மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தோம். மைக் திறந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அங்கே அரங்கம் முழுவதும் திரும்பியது. இந்த லேப்டாப்பில் உங்கள் பெயர்தானே இருக்கிறது, தாடிக்காரர் “மிஸ்டர் மோகன்குமார்?” என்றார். நீங்கள் பாவம், முன் வரிசையில் எழுந்து நின்று, நான் இல்லை சார், நான் இல்லை என்று கையை ஆட்டினீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். பரீதா மைக்கை அணைக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. நான் பதற்றத்தில் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

மூடினால் அது தூங்கிவிடுமாம். திறந்தபோது மறுபடி பாஸ்வேர்ட் கேட்டது, மறுபடி நெட் போயிருந்தது, வயரைப் பிடுங்கிச் சொருகி உள்ளே போனபோது கூட்டம் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது. உங்களை அழைத்தால் அப்போதும் போன் அணைந்தே இருந்தது.

திரும்பி வரும்போது உங்கள் அத்தை வண்டியில் ஏறவில்லை. பாலத்தில் நடந்தே வந்தாள், நானும் கூட நடந்தேன். மாப்பிள்ளை, இருபத்தெட்டு வருஷமாக நான் அவளோடு குடித்தனம் செய்கிறேன். அவள் பேசாமல் நடந்து நேற்றுத்தான் பார்த்தேன். பாதிப் பாலத்தில் நின்று, “நான் கெடுத்துட்டனா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அவ அஞ்சு வருஷம் கஷ்டப்பட்டுக்கிறா. நான் ஒரு வார்த்தையில கெடுத்துட்டேன். அந்தாளு இன்னா நெனச்சிருப்பாரு?” என்றாள். அப்டேட் கொடுத்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வெயிலா கீது, தலையில முந்தானையப் போட்டுக்க,” என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அர்ச்சனா அழைத்தாள். உங்கள் அத்தை போனைத் தொடமாட்டேன் என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

“நைனா, குடுத்துட்டாங்க. பட்டம் குடுத்துட்டாங்க நைனா.”

“சந்தோஷம்மா,” என்று எதையோ சொன்னேன்.

“அம்மா எங்க? அம்மாவாண்ட குடு.”

கொண்டுபோய்க் கையில் திணித்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு வலை காய்கிற பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு அரைமணி நேரம் பேசினாள். நான் வாசலில் நின்று அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. திரும்பி வந்து போனைக் கொடுத்தாள்.

“நான் சொன்னது சரிதானாம். அவளும் மிஷின்ல வச்சிப் பாத்துட்டு அதையேதான் எழுதிக்கிறாளாம். எம் பேரு அவ எழுதின பொஸ்தகத்துல கீதாம். அந்தத் தாடிக்காரரு அடுத்த மாசம் இங்க வராராம், என்னாண்ட பாத்துக் கத்துக்கணுமாம்.” சமையலறைக்குப் போனவள் திரும்பி வந்து, “அவருக்கு நண்டுக் குழம்பு ஒத்துக்குமான்னு கேக்க மறந்துட்டேன்,” என்றாள்.

ஆகவே மாப்பிள்ளை, எல்லாம் நன்றாக முடிந்தது. ஆனால் என் இதயத்துக்கு இன்னொரு தடவை இது தாங்காது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்த லேப்டாப்பை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். இல்லையென்றால் அதில் ஊரார் வைத்திருக்கிற சாதாரண விண்டோஸைப் போட்டுக் கொடுங்கள். லினக்ஸ் உங்களைப் போன்ற படித்தவர்களுக்கு. இனி இந்த ஜென்மத்தில் நான் அதைத் தொடுவதாக இல்லை. அப்டேட் விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

நீங்களும் அர்ச்சனாவும் கரை சேரும் படகு மாதிரி நிறைந்து வாழ எல்லையம்மன் துணையிருப்பாள். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் வணக்கம். டாக்டரம்மாவுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுக்கலாம், அனுமதி உண்டு.

அன்புடன்,
உங்கள் மாமா திருவேங்கடம்
(கண்டக்டர், ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அங்கே ரிட்டயர்டு வாத்தியார் உலகநாதன், தன் பழைய லேப்டாப் ஆமை மாதிரி நகர்கிறது, விண்டோஸ் தாங்கவில்லை, என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. நான் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தேன். எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது: “லினக்ஸ் போடுங்க சார், பறக்கும். வைரஸே வராது. நானே போட்டுத் தர்றேன்.” அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு வருகிறார். இரண்டு பேர் வேடிக்கை பார்க்கவும் வருகிறார்கள். ஆகவே என் லேப்டாப்பில் கை வைக்கவேண்டாம், பயிற்சிக்கு எனக்கு அது வேண்டும். லினக்ஸை எப்படிப் போடுவது என்று ஒன்றிலிருந்து கடைசி வரை எழுதி உடனே அனுப்பவும். தபால் வேண்டாம், நேரமில்லை. போனிலேயே சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.