நாலாயிரம் மேற்கோள் கண்ட நாயகி

கல்யாணமான பெண்ணுக்குக் கழுத்தில் தாலி ஏறுவது ஊருக்கே தெரியும். இனிஷியல் மாறுவது ரேஷன் கார்டுக்கும் ஆதார் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஒற்றை எழுத்து என் மானத்தைச் செஞ்சி நடுரோட்டில் வாங்கும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், நான் கடைசிவரை நைனா இனிஷியலோடேயே இருந்திருப்பேன். வீட்டுக்காரர் சேகர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நான் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை (அதனாலேயே சொந்தக்காரர்களுக்கு என்மேல் மரியாதை கம்மி). மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, தொண்டூர் பக்கம் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறேன். நாம் எழுதிய கட்டுரையை மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் தொழிலில் மதிப்பு. அதற்குப் பேர் சைட்டேஷன், தமிழில் மேற்கோள். கல்யாணத்துக்கு முன் எழுதியதில் நான் எம். கவிதா, பின்னால் எழுதியதில் எஸ். கவிதா. இருந்ததே கொஞ்சம், அதையும் கல்யாணம் இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது.

இணைப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது, இரண்டு கவிதாக்களையும் ஒன்று சேர்க்கலாம் என்று, இணையத்தில் என் கட்டுரைகளையும் மேற்கோள் கணக்கையும் காட்டும் என் பக்கத்தைத் திறந்தேன். அடுப்பில் குக்கர் கத்துகிறது, வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. 'இவையெல்லாம் உங்கள் கட்டுரைகளா?' என்று நீளமாக ஒரு வரிசை காட்டியது. மேலே இருந்த சில என்னுடையவைதான். மீதியை யார் பார்த்தது? 'ஆமாம், எல்லாமே' என்று ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாம்பாரை இறக்கப் போய்விட்டேன். தமிழ்நாட்டில் எத்தனை எஸ். கவிதா இருப்பாள் என்று அப்போது உறைக்கவே இல்லை. (எந்தக் கல்யாண வீட்டிலும் 'கவிதா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், அரைப் பந்தி திரும்பும்.)

நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள், தேர்வுக் குழுவில் இருந்த சென்னைப் பேராசிரியர் ஒருவர் என் கிராமத்து வேலையை நேரில் பார்க்கணும் என்று சொல்லிவிட்டார். சிரிக்கவே தெரியாத மனுஷன் என்று பேச்சு. அவரும் நானும் கல்லூரிக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து, செஞ்சி வழியாகத் தொண்டூருக்குக் கிளம்பினோம்.

திண்டிவனம் தாண்டியதும் சேகர் போனில் ஒரு போட்டோ அனுப்பினார். என் கொழுந்தன் கோபி செஞ்சியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். போட்டோவில், செஞ்சி மெயின் ரோட்டில் கட்டிய ஒரு பேனர். அதில் கல்யாணப் பட்டுப்புடவையில் நான், பின்னால் செஞ்சிக் கோட்டை, மேலே ஒரு ராக்கெட். (என்னைவிடப் பெரிதாகக் கோபியின் படம், கூலிங் கிளாஸோடு.) 'நாலாயிரம் மேற்கோள் கண்ட நாயகியே! எருமை மடிநோய் முதல் பாலத்துக் கான்கிரீட் வரை ஆராய்ந்த எங்கள் குலவிளக்கே!'

எருமையா? கான்கிரீட்டா? என் பக்கத்தைப் பார்த்துத்தான் கோபி எழுதியிருப்பான் என்று, மடியில் போனை வைத்துக்கொண்டு அதைத் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம்! கால்நடை டாக்டர் கவிதா, என்ஜினியர் கவிதா, இறால் வளர்க்கிற கவிதா என்று ஊரில் உள்ள எல்லாக் கவிதாக்களின் உழைப்பும் என் பேரில் உட்கார்ந்திருந்தது. அடுத்தவர் கட்டுரையைத் தன்னுடையது என்று காட்டினால் பதவி உயர்வு போகட்டும், இருக்கிற வேலைக்கே வேட்டு.

சேகருக்குப் போன் போட்டேன். பக்கத்தில் பேராசிரியர். என்னத்தைப் பேசுவது?

"ஏங்க, கோபி கட்டியிருக்கிற துணியை உடனே எடுக்கச் சொல்லுங்க. மழை வர்ற மாதிரி இருக்குது."

"இன்னா துணி? இங்க வெயில் பொளக்குது."

"பெரிய துணிங்க. ரோட்டுல கட்டியிருக்கானே."

"பேனரா? நல்லாத்தானே இருக்குது. ஏன் டென்ஷன் ஆவுற?"

"எடுக்கச் சொல்லுங்கன்னா எடுக்கச் சொல்லுங்க!"

பேராசிரியர் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "வீட்டுல துணி காயுது சார்" என்றேன். அவர் வெளியே பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

கோபிக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சரி, கார் வேகமாகத் தாண்டிவிட்டால் போதும் என்று மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டேன். வேண்டின பிறகுதான் உறைத்தது, அன்றைக்கு அமாவாசை.

அமாவாசைக்கு மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ், வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் செஞ்சிக்குள் அடைத்துக்கொண்டு நின்றன. எங்கள் கார் நகர்ந்து நகர்ந்து வந்து, நேராக அந்தப் பேனருக்கு எதிரிலேயே நின்றது. அசையவில்லை. என் முகம் எனக்கே ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

"சார், அந்தப் பக்கம் பாருங்க, கோட்டை" என்றேன்.

"பாத்திருக்கேன்மா."

"மேல குளம்கூட இருக்குது சார்."

"ஏறியே பாத்திருக்கேன்." சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பேனருக்குக் கீழே கோபி பக்தர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். போனை எங்கே எடுப்பான்? தலையைத் தூக்கினான், என்னைப் பார்த்துவிட்டான். "அண்ணீ!" என்று ஒரு சத்தம். தோளில் இருந்த சால்வையோடு பஸ்களுக்கு நடுவில் பூந்து ஓடி வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான். அடப்பாவி!

"சார், நீங்கதான் அண்ணிக்கு ஆபீசரா? நாலாயிரம் சார்! ஜில்லாவுலயே யாரும் கிடையாது. மோர் சாப்புடுங்க சார்."

பேராசிரியர் மோரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பேனரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். பிறகு என்னிடம் கேட்டார், "எருமை மடி உங்களுக்கு எப்பலேர்ந்துமா பழக்கம்?"

அழுதே விட்டேன். சாம்பார், ஸ்கூல் வேன், இனிஷியல், எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டினேன். "எனக்குத் தெரியாம ஆயிடுச்சு சார். ஏமாத்தணும்னு இல்ல."

"உங்க ஆபீஸ்ல அந்த நாலாயிரத்தைத்தான் எனக்கு அனுப்புன பைல்ல போட்டிருக்காங்க," என்றார். "ரெண்டு நாளா கான்கிரீட் பேப்பரைப் படிச்சேன். ஒரு எழவும் புரியல. இந்தம்மா மோசடியா, ஏமாளியான்னு நேர்ல பாத்துடலாம்னுதான் வந்தேன்." கொஞ்சம் மோர் குடித்துவிட்டு, "உங்களோடது உண்மையில எவ்வளவு?" என்றார்.

"பத்தொன்பது சார்."

"ம்."

"அதுல நாலு, நானே என்னை எடுத்துக்காட்டினது."

மனுஷனுக்குப் புரையேறிவிட்டது. சிரிக்கத் தெரியாதவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். மோர் முன்சீட்டு வரைக்கும் தெறித்தது.

ஆனால் என்னை விட்டுவிடவில்லை. "டிராஃபிக் கிளியர் ஆகறதுக்குள்ள உங்களோடது இல்லாததை எல்லாம் நீக்குங்க. ஆபீஸுக்கு எழுதியும் குடுத்துடுங்க. நாளைக்குக் குழுவுல நானே கேப்பேன்" என்றார். எருமையைத் தட்டினேன், கான்கிரீட்டைத் தட்டினேன், இறாலைத் தட்டினேன். எண்ணிக்கை கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கிக்கொண்டே போனது. கார்க் கண்ணாடிக்கு வெளியே நின்று கோபி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் வாடியது, என் கவலையைவிட அதிகமாக வலித்தது.

மறுநாள் குழுவில் சொன்னபடியே கேட்டார். "நாலு போக மீதிப் பதினஞ்சு யாரு?" அது மட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. பதினைந்து பேரும் யார், எந்த ஊர், என்னுடைய எந்த வரியை எடுத்தார்கள், யார் என் முடிவு தப்பு என்று எழுதினார் என்பதுவரை, மொய் வைத்தவர்களைச் சொல்வது போல ஒவ்வொருவராகச் சொன்னேன். நாலாயிரம் இருந்திருந்தால் சொல்லியிருக்க முடியுமா?

இருந்தும் பதவி கிடைக்கவில்லை. என்னைவிடத் தகுதியான ஒருவருக்குப் போனது. மெமோ வராததே பெரிய விஷயம் என்று சேகர் தேற்றினார். எனக்கு ஆறவில்லை, ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

கோபி பேனரைக் கழற்றினான். ஆனால் தூக்கிப் போடவில்லை, தன் கடைச் சுவரில் மாட்டிவிட்டான். எருமையையும் கான்கிரீட்டையும் வெள்ளை ஸ்டிக்கரால் மூடி, நாலாயிரத்தின் மேல் 'பத்தொன்பது' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தான். நான் சண்டைக்குப் போனேன். "அண்ணி, தப்பாப் போட்டா தப்பு. சரியாப் போட்டா இன்னா தப்பு?" என்றான். கடைக்கு வருகிறவர்களும் "பத்தொம்போதா, பரவாயில்லியே!" என்றுதான் சொன்னார்களாம்.

அதற்கு அடுத்த தேர்வில் எனக்குப் பதவி கிடைத்தது. ஆர்டர் கையில் வந்ததும் கோபிக்குத்தான் முதலில் அடித்தேன். ஆர்டரை வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

"அது கிடக்கட்டும் அண்ணி," என்றான். "நம்பர் இப்ப எவ்ளோ?"

"இருபத்தி மூணுடா."

"இருங்க, லைன்லயே இருங்க, ஏணி எடுத்துக்கினு வரேன்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் பெருமை பேச ஆரம்பித்தால் போதும், நாலு பக்கத்திலிருந்தும் கேட்பார்கள்: "இன்னா, ஏணி எடுக்கட்டுமா?"