மூன்று தலைவர்கள், ஒரு முன்னணி

கூட்டணித் தலைவர் என்றோர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டாம். அங்கே அது இன்னும் போய்ச் சேரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க்கடை எதிலாவது, வேகும் வெயிலிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, கோப்பையில் தே தாரிக் ஆறுவதுகூடத் தெரியாமல் 'மூன்றாவது சக்தி' பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்.

நம் கனகசபையையே எடுத்துக்கொள்ளுங்களேன். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாடாளுமன்ற உறுப்பினரை ஊரார் கூப்பிடுவதுபோலத் தம்மையும் யாராவது ஒருமுறை 'வை.பி.' என்று கூப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. எண்பதுகளில் வந்த ஒரு தேர்தலுக்காக, சொந்தக் கட்சியோடு சண்டை போட்டு வெளியேறிய லோரி முதலாளி நாகையாவையும், எந்தக் கட்சியும் சேர்த்துக்கொள்ளாத இரும்புக்கடை லிம்மையும் பிடித்து ஒரு முன்னணி கண்டார். கனகசபை தலைவர், நாகையா இணைத்தலைவர், லிம் செயல்தலைவர். உறுப்பினர்கள்? அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் அடுப்படி வரை வந்துவிடும் கொடுமை தாங்காமல், தேநீர்க்கடைத் தங்கமணி தானும் சேருவதாகச் சொன்னாள்.

"என்ன பதவி வேணும்மா?" என்றார் நாகையா.

"பதவியெல்லாம் வேணாம்ணே. சும்மா மெம்பரா இருக்கேன்."

மூவரும் கலவரமடைந்தார்கள். அப்படியோர் இடம் முன்னணியில் இல்லவே இல்லை.

யார் வேட்பாளர் என்ற பேச்சு வரும்போதெல்லாம், "கூட்டணின்னா விட்டுக்கொடுக்கணும் லா" என்று மூவரும் ஒரே குரலில் சொல்லி, ஒவ்வொருவரும் மற்ற இருவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். கூட்டம் இனிதே முடியும்.

வேட்புமனு நாள் வந்தது. ஒருவர் நிற்க, ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, மூன்று பேர் போதும். கழுத்தில் மாலையோடு வந்த கனகசபைக்கு, மண்டப வாசலில் மற்ற இருவரையும் கண்டதும் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"என்னை முன்மொழியத்தானே வந்திருக்கிறீங்கள்?"

"என்ன சார், நீங்கதான் எனக்குக் கையெழுத்துப் போட வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்!" என்ற நாகையாவின் கழுத்திலும் மாலை.

"அலாமாக்! அப்ப நான் யாரு லா?" என்றார் புது பாத்திக் சட்டையில் லிம்.

வாசலிலேயே விவாதம் சூடு பிடித்தது. "யாராச்சும் ஒருத்தர் நில்லுங்க, மத்தவங்க கையெழுத்துப் போடுங்க! நேரமாவுது!" என்று கெஞ்சினாள் தங்கமணி.

"இது முன்னணியின் உள்விவகாரம், பிள்ளை. நீர் உறுப்பினர் இல்லை," என்றார் கனகசபை.

மனு வாங்கும் நேரம் முடிந்து கதவு சாத்தப்பட்டது. போட்டியின்றி வென்றுவிட்ட ஆளுங்கட்சிக்காரர் வெளியே வந்ததும் வராததுமாகக் கனகசபையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி, தலைவரே!"

"எங்க தெரு ஓட்டு எல்லாத்தையும் நீங்களே அவருக்குப் போட்டுட்டீங்க அங்கிள்," என்றாள் தங்கமணி. கனகசபைக்குச் சுருக்கென்றது. அன்று மதியம் சோறு இறங்கவில்லை. மாலைக்குள் எங்கே தவறு என்று கண்டுபிடித்துவிட்டார்: முன்னணியில் தலைவர்கள் போதவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன கோயில் கமிட்டிக் கூட்டத்தில், "யாராவது விட்டுக்கொடுக்கணும்" என்று சொன்னீர்களே, அப்போது யாரைப் பார்த்துச் சொன்னீர்கள்? விரிவாக்கப்பட்ட முன்னணியில் துணைத்தலைவர் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது. கனகசபை உங்கள் விலாசத்தைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.