லைன் எலிக்கு வந்த பிரஷர்

அன்பு மகள் கேஷானிக்கு,

பூனாகலைத் தோட்டத்திலிருந்து அப்பா யாகோப்பு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மா றோசாலியும் சுகம். கம்பஸில் நீயும் உன் ஆராய்ச்சி எலிகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். இதைப் போனில் பேச முடியாது, ஒட்டு வீடுகள், லயம் முழுக்கக் காது.

போன ஞாயிறு, "அப்பா, நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டாய். இல்லவே இல்லை என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பிறகு நீ, "இது ஒரே லைன்ல தலைமுறை தலைமுறையா வளந்த எலிங்கப்பா, தானாவே பிரஷர் ஏறுது, வால்ல பட்டி கட்டிப் பாக்குறோம், மனுசங்களுக்கும் இப்புடித்தான் வருதான்னு..." என்னும்போதே கவரேஜ் போய்விட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிரஷர் அப்பனிடமிருந்து வருவதில்லை, லைனிலிருந்து வருகிறது. நாமும் நாலு தலைமுறையாக இந்தப் பத்துக் காம்பரா லைனில், இந்த லயத்தில்தானே கிடக்கிறோம்.

இதைப் பக்கத்துக் காம்பரா அழகரிடம் சொன்னதுதான் தப்பு. மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நின்ற அத்தனை பேரும், லைன் எலியால்தான் பிரஷர் என்று கம்பஸில் கண்டுபிடித்துவிட்டார்களாம், புது வீடு தராமல் கொழுந்தெடுக்கப் போகமாட்டோம் என்று நிற்க, துரை என்னைத் தேடி ஆள் அனுப்ப, அதற்குள் அழகர் கூண்டில் ஒரு பெருச்சாளியோடு டிஸ்பென்சரிக்குப் போய், "டொக்டர் ஐயா, இதுக்குப் பிரஷர் பாருங்க, வால்லதான் கட்டணுமாம், யாகோப்பு மக சொல்லிச்சு" என்று நீட்ட, அது துள்ளி மருந்து அலுமாரிக்குள் புகுந்து இன்னும் வெளியே வரவில்லை. அங்கே ஓடிப்போன என்னை டொக்டர் பிடித்து உட்காரவைத்து, "எலி கெடக்கட்டும், கதயக் கெளப்புனவரு கைய நீட்டுங்க" என்று பட்டியை எனக்குக் கட்டிவிட்டார். முள்ளைப் பார்த்தார். மறுபடி கட்டிப் பார்த்தார். பழைய மெசின், அது சரியாகக் காட்டாது. நம் ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நீ யோசிக்காமல் படி.

கர்த்தர் உன்னையும் உன் கூண்டுகளையும் காப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள்.

அப்பா,
யாகோப்பு

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். டொக்டர் வீட்டுக்கே வந்து, "லைன்னா லயம் இல்லீங்க, வம்சம்" என்று விளக்கிவிட்டுப் போனார். மெசின் பழையதில்லை, போன மாதம்தான் வந்தது. எனக்கு நூற்றெண்பது. உன் தாத்தா ஐம்பது வயதில் பெரட்டில் நின்றபடியே வாய் கோணி விழுந்தவர். வீடு வாசல் ஒன்றும் தராத நான் இதைத்தான் உனக்குத் தந்திருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது மகள். எலியின் வாலை விட்டுவிட்டு முதலில் உன் கையில் கட்டிப் பார். எவ்வளவு என்று எனக்கு மட்டும் சொல்.