சாக்கில் பெய்த மழை

காரைக்குடியில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், பஸ் மாறி ஏறி வந்து இறங்கியவர்கள் என்று எல்லோரையும் ஒரு மைதானத்தில் நிறுத்தித் தேடினாலும், அடிப்பிடித்த இருப்புச்சட்டியைத் தேய்த்துவிட்டார்களே என்று கண் கலங்கிய மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் கறை மாஸ்டர்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போட மட்டும் அது பயன்பட்டது. மற்ற நாட்களில் கறை மாஸ்டர்தான். கொஞ்சம் குசும்பு பிடித்தவர்கள் ஊர்ப் பெயரையும் கலந்து 'கறைக்குடி மாஸ்டர்' என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கறை இல்லாத ஊரு எங்குட்டு இருக்கு? இருந்தா எனக்கு அங்க சோலி இல்ல" என்பார்.

அறுபதுகளின் நடுவில், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்காக நான் காரைக்குடிக்கு வந்தேன். சொந்தக்காரர்கள் மலேயாவில் இருக்க, வாடகைக்கு விடப்பட்ட ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. பக்கத்தில் இரண்டு அறைகளும் ஓர் அடுப்படியும் கொண்ட பகுதியில் அவர் இருந்தார். ஒரு ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கிளி, மாம்பழம், பூ ஜாடி. வீட்டுக்கு வந்துவிட்டால் இயற்கைக் காட்சி மட்டும்தான் வரைவார். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார்.

குடி வந்த மறுநாள் காலையிலேயே என் பனியனைப் பிடித்துக்கொண்டார். கொடிக்கம்பியில் காயப்போட்டதில் முதுகுப் பக்கம் துரு ஏறியிருந்தது. நான் தேய்ப்பதற்கு எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தேன்.

"தொவைச்சிராதீக சார். இங்குட்டு வந்து பாருங்க. தேவகோட்டை ரோட்டுல சாயங்காலம் பஸ்சு போனப்பறம் புழுதி அடங்குமே, அப்படியே இல்ல?"

பார்த்தேன். பனியன் தெரிந்தது.

அன்று மாலையே கடைக்குப் போய்ப் புதுப் பனியன் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பழையதைக் கத்தரித்து ஓர் அட்டையில் ஒட்டினார். அதன் மேல் செங்கல்தூளைப் பசையில் குழைத்து ஓர் இழுப்பு. கீழே டீத்தூள் சக்கையில் ஒரு பட்டை. படம் முடிந்தது. ஒரு வாரம் கழித்து அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, புழுதி மாதிரி ஏதோ எனக்கும் தெரிந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வேட்டியும் போயிருக்கும்.

அவர் அறைக்குள் நுழைகிறவர்கள், அவரைப் பழைய சாமான் வியாபாரி என்றே நினைப்பார்கள். கிழிந்த சாக்கு, துருப்பிடித்த தகரம், சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்புப் பொருக்கு, வெயிலில் வெளுத்த குடைத்துணி எல்லாம் சுவரோரம் வரிசையாக இருக்கும். எதையும் மிதிக்கக்கூடாது. மிதித்தால், "சார், வயல்ல நிக்கிறீக" என்பார்.

அவர் இயற்கைக் காட்சியில் மலை இருக்காது, ஆறு இருக்காது, மான் இருக்கவே இருக்காது. ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேன். "மரமாவது ஒண்ணு வைக்கக் கூடாதா மாஸ்டர்?"

"மரம் வெயில்ல நிக்குது சார். நான் வெயிலத்தான வரைஞ்சிருக்கேன்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குப் படிப்பு போதவில்லை.

கல்லலில் அவருடைய அக்கா இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். வந்து அறையைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்து, "இதுக்குள்ள ஒரு பொண்ணு வந்து எங்க காலு வைப்பா?" என்று என்னைக் கேட்பார். அந்த அக்காதான் அலைந்து திரிந்து சிங்கம்புணரியில் ஒரு பெண்ணைப் பார்த்தார். பெயர் மரகதம். அப்பாவுக்குக் கயிறு வியாபாரம். பெண் பார்க்க அக்காவும் மாஸ்டரும் போக, கூடப் பேச ஆள் வேண்டுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். பலகாரம் வந்தது. பெண்ணும் காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்துவிட்டுக் கதவோரம் நின்றது. மாஸ்டரின் கண் பெண்ணைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போயிருந்தது. அங்கே தென்னை நார் குவித்திருந்தார்கள். காய்ந்தது ஒரு குவியல், நனைந்தது ஒரு குவியல். நான் தொடையில் கிள்ளினேன். பயன் இல்லை.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்கா?" என்றார்.

"ரெண்டு நெறமும் நல்லாருக்கு" என்றார் மாஸ்டர். "நனைஞ்சது இன்னும் நல்லாருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவின் முகம் சிவந்தது. நான் வாசலில் விட்ட செருப்புக்கு எத்தனை தூரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்போது கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, அவுக நாரச் சொல்றாக."

எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்டரும் திரும்பினார். அப்போதுதான் அங்கே ஒரு பெண் நிற்பதையே அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

கல்யாணம் நடந்துவிட்டது. எப்படிச் சம்மதித்தீர்கள் என்று பின்னாளில் நான் மரகதத்திடம் கேட்டேன். "மத்தவுக எல்லாம் வந்து என்னைய மாடு புடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் பாத்தாக அண்ணே. இவுக ஒருத்தருதான் எங்கப்பா தொழில நல்லாருக்குன்னாக. அதுவும் ஒரு மாதிரி மரியாதைதான?" என்றது அந்தப் பெண்.

மரகதம் சுத்தக்காரி. வந்த முதல் வாரத்தில் முற்றம் மின்னியது. இரண்டாம் வாரத்தில் அடுப்படிக்குள் புகுந்தது. அங்கே மாஸ்டர் கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் தீய்த்த இருப்புச்சட்டிகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் தகரத்தில் வானம் வரைவது. ஒரு சனிக்கிழமை, அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரம் பார்த்து, மரகதம் புளியும் செங்கல்தூளும் போட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டது.

மத்தியானம் மாஸ்டர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர்.

"வானத்தத் தேச்சுப்புட்டா சார்."

சமாதானம் பேசப் போனேன். மரகதம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக இருந்தது.

"அண்ணே, நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. அப்பளம் பொரிக்க ஒரு சட்டி எடுத்தேன். அது கல்லலு வானமாம், தொடக்கூடாதாம். இன்னொண்ண எடுத்தேன். அது சித்திர மாசத்து உச்சி வெயிலாம். நான் அப்பளத்த எதுல பொரிக்கிறது, உள்ளங்கையிலயா?"

திரும்பி வந்து மாஸ்டரிடம், "வானம் மறுபடி வரும் மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டு முழுக்கத் தீய்ந்த வாடை. பதறி ஓடினோம். மரகதம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்பை வேண்டுமென்றே தீய்த்துக்கொண்டிருந்தது. சட்டியை இடுக்கியால் இறக்கி அவர் முன்னால் வைத்தது.

"இந்தாங்க வானம். இப்பவாவது ரெண்டு இட்லி திங்கிறீகளா?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டியே மரகதம். இது வானமில்ல, அடுப்பு. கருகுறதுக்கும் ஒரு நெதானம் வேணும்" என்றார். ஆனால் இட்லியைத் தின்றார்.

அதோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. சட்டியெல்லாம் மரகதத்துக்கு, தானாகத் தீய்ந்தால் மட்டும் அது மாஸ்டருக்கு. இதில் மாஸ்டர் ஒரு தந்திரம் செய்தார். அடுப்பில் ஏதாவது ஏறினால் போதும், அடுப்படி வாசலில் போய் நின்று பழைய கதைகளைப் பேச ஆரம்பிப்பார். மரகதமும் கேட்கும். தெரிந்தே கேட்டதா, தெரியாமல் கேட்டதா என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. வாரத்துக்கு ஒரு குழம்பு தீய்ந்தது.

எழுபதுகள் பிறந்த சமயம், மதுரையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பச் சொல்லி அவருக்குத் தகவல் வந்தது. அவருடைய வாழ்க்கையில் வெளியூரிலிருந்து யாரும் படம் கேட்டது அதுதான் முதல் தடவை. நடையே மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கிளிக்குக்கூடச் சிரித்த முகம் வரைந்தாராம்.

ஒரு கதவு அகலச் சாக்கில் அந்தப் படத்தைச் செய்தார். செம்மண், துருத்தூள், தென்னை நார், நடுவில் ஒரு வெளுத்த குடைத்துணி. 'மழைக்குக் காத்திருக்கும் கண்மாய்' என்று பெயர். கோடைவிடுமுறையில் தொடங்கி, ஐப்பசியில் முடித்தார். அதைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு லாரி பார்சல் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா பிரித்துப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?"

"படம்."

"சாக்குத்தான் இருக்கு. படம் எங்க?"

"சாக்குதான் படம்."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஒடையிற சாமானா?"

மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, "கண்மாய்க் கரைதான், ஒடைஞ்சாலும் ஒடையும்" என்றார். குமாஸ்தா ரசீதில் 'காலிச் சாக்கு, பழையது' என்று எழுதிக் கொடுத்தார்.

கண்காட்சி நாளன்று நாங்கள் மூவரும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். மாஸ்டர் சலவை வேட்டி, மரகதம் கல்யாணப் பட்டு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் சுவர் சுவராகப் படங்கள். மாஸ்டர் படம் இல்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினார். நடத்துகிற ஆள், "பார்சல் வந்து சேரலைங்களே" என்று கை விரித்துவிட்டார்.

லாரிக்காரர்கள் சரக்கு அடுக்கும் கிட்டங்கியைத் தேடிப் பிடித்தோம். படம் அங்கேதான் இருந்தது. கிட்டங்கியின் வாசலில் சாரல் அடிக்காமலிருக்க, இரண்டு ஆணி அடித்துப் படுதாவாகக் கட்டியிருந்தார்கள். செம்மண் கரைந்து கீழே ஓடியிருந்தது. நார் ஊறித் தொங்கியது. குடைத்துணியில் துரு பரவியிருந்தது.

மரகதம் கிட்டங்கி மேனேஜரைப் பிடித்துக்கொண்டது. "யோவ், உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? மாசக்கணக்கா சோறு தண்ணி பாக்காம எங்க வீட்டுக்காரரு செஞ்சது. படுதாவாய்யா கட்டுவ?" சுமை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாசல் வழியே மறைந்தார்கள்.

மாஸ்டர் மட்டும் மழையில் நின்று அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சத்தம் போடாத மரகதம். மழை பேஞ்சிருச்சு" என்றார்.

"அதான் தெரியுதே."

"இங்க இல்ல. கண்மாயில."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஆணியிலிருந்து படத்தை அவிழ்த்ததும், மறுபடி ஒருமுறை பார்க்காமல் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில் எத்தனையோ நனைந்த சுவர்கள். ஒன்றைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பழகிய காலத்தில் அப்படி நடந்தது அன்று ஒருநாள்தான். எனக்குப் பயமாக இருந்தது.

காரைக்குடி பஸ் நின்றிருந்தது. மாஸ்டர் படிக்கட்டில் காலை வைத்தார். மரகதம் ஏறவில்லை.

"எறங்குங்க. படந்தான் கெடைச்சிருச்சுல்ல, மாட்டிட்டுப் போவோம்."

"ஈரமா இருக்கு மரகதம்."

"மழை பேஞ்சா ஈரமாத்தான இருக்கும்."

மண்டபத்துக்குத் திரும்பினோம். சுவரில் இடமில்லை, மற்ற படங்களும் நனைந்துவிடும் என்றார்கள். மரகதம் விடவில்லை. கடைசியில் சைக்கிள் நிறுத்துகிற தாழ்வாரத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மரகதம் பையிலிருந்து அப்பா கடைக் கயிற்றை எடுத்தது. கயிறு இல்லாமல் அந்தப் பெண் எந்த ஊருக்கும் போனதில்லை. மூவருமாகக் கட்டி முடித்தோம்.

கண்காட்சி பார்த்துவிட்டுச் சைக்கிள் எடுக்க வந்த ஒருவர், ஈரச் சாக்கைப் பார்த்துவிட்டுப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "பானை எங்க? குடிக்கத் தண்ணி இல்லையா?" என்று என்னைக் கேட்டார். இன்னொருவர் அதில் கையைத் துடைத்தார். மூன்றாவது ஆளை மரகதம் பார்த்த பார்வையில், அவர் சைக்கிளை எடுக்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் மழை விட்டு வெளிச்சம் வந்தது. தாழ்வாரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாஸ்டரின் படங்களில் என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லாத மரகதம், சாக்குக்கு முன்னால் வந்து நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இந்த மூலையில தண்ணி நிக்குதுங்க" என்றது. "அங்குட்டு மடைப் பக்கம் இன்னும் வரல. ராத்திரிக்குள்ள வந்துரும்."

மாஸ்டர் மெல்ல எழுந்து வந்தார். "தெரியுதா உனக்கு?"

"தெரியாமத்தானா இத்தன கொழம்பத் தீயவிட்டேன்?"

மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. மரகதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் சைக்கிளைத் தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் போனேன். எனக்கு மதுரையில் சைக்கிள் கிடையாது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மரகதம் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தது. பஸ் உறுமத் தொடங்கியதும் மாஸ்டர் ஜன்னலுக்குக் கீழே வந்து, என் முகத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"சார், உங்க நெத்தியில புதுசா ஒரு வரப்பு விழுந்திருக்கு. நல்லாருக்கு. கவலைப்படுறத விட்டுட்டு அத அழிச்சிராதீக."

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. இப்போது என் நெற்றியில் ஓர் ஊருக்குப் போதுமான வயல் இருக்கிறது. காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன். அவர் பார்த்திருந்தால், இந்நேரம் எங்கே விதைத்திருக்கிறது, எங்கே தரிசு என்று சொல்லியிருப்பார்.