நான்கு அசையும் ஒரு பெடலும்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் உன் அக்கா என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு என் சட்டைக் கையை, நானே, ஒரு வங்கி மேலாளரின் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். சட்டை அப்போது என் உடம்பில் இருந்தது.

காரணம் ஸ்பானிஷ். என் மகளின் மாமியாருக்கு அதைத் தவிர வேறு மொழி தெரியாதென்பது உனக்கே தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து நானும் அந்த அம்மாவும் போன் திரையில் கையாட்டிக்கொள்வதோடு சரி. இரண்டு போக்குவரத்துக் காவலர்களை எதிரெதிரே நிறுத்தியதுபோல இருக்கும். அடுத்த மாதம் அவர் நம் வீட்டுக்கு வருகிறார். அதற்குள் 'காத்திருக்கிறோம்' என்று ஒரே ஒரு சொல்லை அவர் மொழியில் சொல்லியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மகள் போனில் பாடம் எடுத்தாள். "அப்பா, முதல்ல சொல்லை அசை அசையா வெட்டுங்க. அப்புறம் எந்த அசையில அழுத்தணும்னு பாருங்க. 'ஆப்லோ'ல முன்னால அழுத்தினா நான் பேசறேன்னு அர்த்தம். பின்னால அழுத்தினா வேற யாரோ பேசினாங்க." வெட்டுவது நம் தையல் தொழில்தானே, அது வந்துவிட்டது. அழுத்தம்தான் நாக்குக்கு வரவில்லை, காலுக்கு வந்தது. 'காத்திருக்கிறோம்' என்பதற்கு அவர்கள் சொல் எஸ்-பெ-ரா-மோஸ். 'ரா'வில் மிஷின் பெடலை ஓங்கி மிதித்தால் அழுத்தம் கச்சிதமாக விழுகிறது. மிதித்த இடத்திலெல்லாம் தையல்தான் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது.

"இது பேன்ட்டா, பாம்பா?" என்றாள் உன் அக்கா. "சம்பந்தியம்மா முன்னாடி மானத்தை வாங்காதீங்க. எப்பவும்போலக் கையை ஆட்டிட்டுப் போங்க."

நான் அசருவேனா? ஞாயிறன்று போனை நிமிர்த்தி வைத்து, மிஷின் முன்னாலேயே உட்கார்ந்தேன். கால் இல்லாமல் எனக்கு ஸ்பானிஷ் வராது. மூன்றாவது அசையில் சட்டைக் கை ஊசிக்கடியில் போனது. போனால் போகட்டுமென்று 'மோஸ்' வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் காலை எடுத்தேன். அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்து, இரண்டு கைகளையும் ஆட்டினார். "அடேயப்பா, மனுஷன் சொல்லிட்டாரே!" என்று கத்தரிக்கோலால் என்னை விடுவித்துக்கொண்டே உன் அக்காவே பாராட்டினாள் என்றால் பார்த்துக்கொள்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. பேன்ட்டுக்காரருக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் கிடைக்க நீயும் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
ஒரு கைச் சட்டையோடு,
உன் அத்தான்

பி.கு.: மகள் இப்போதுதான் கூப்பிட்டாள். நான் அழுத்திய இடத்தில் மிஷின் சத்தம் மட்டுமே கேட்டதாம். புது மிஷினை ஓட்டிக் காட்டியதற்குச் சம்பந்தியம்மா நன்றி சொல்லச் சொன்னாராம்.