இரண்டே முறை நகர்ந்த கப்பல்

கடற்படைக் கப்பலில் வேலை பார்த்தும் ஒருநாள்கூடக் கடலில் பயணம் போகாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தோ பாயோவில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது திறந்த கீழ்த்தளத்தில், கல்மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ‘உலகத்திலேயே’ என்று எழுதிவிட்டு யோசிக்கிறேன். இன்னொருவர் எங்காவது இருக்கலாம். இருந்தால் அவர் மன்னிக்க வேண்டும். ஆனால் அவரும் எங்கள் ரிப்பேர் கப்பல் அங்கிள் அளவுக்குப் பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. குடிவந்த முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் நன்றாக இருக்காதே என்று விட்டுவிட்டேன். புளோக்கில் எல்லாருக்கும் அவர் ரிப்பேர் கப்பல் அங்கிள்தான்.

வெள்ளைக்காரக் கடற்படை இங்கிருந்து கிளம்புவதற்கு முந்தைய நான்கு வருடங்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் நின்றிருந்த ஒரு ரிப்பேர் கப்பலில் அவர் ஃபிட்டராக இருந்திருக்கிறார். மற்றக் கப்பல்கள் அடிபட்டு வந்து பக்கத்தில் ஒட்டி நிற்கும்; இந்தக் கப்பலுக்குள் இருக்கும் பட்டறையில் அவற்றைச் சரிசெய்து அனுப்புவார்கள். அதன்பிறகு நாற்பது வருடம் அவர் வேறு எங்கெங்கோ வேலை பார்த்தார். அதைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் சும்மா சம்பளத்துக்கும்மா” என்று முடித்துவிடுவார். கப்பலின் சேவை வரலாற்றை மட்டும் நீல அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தார். கேட்பவர்கள் கிடைத்தால் வாசிப்பார். கிடைக்காவிட்டால் லிப்டுக்குக் காத்திருப்பவர்களிடம் வாசிப்பார்.

“முதல் வருஷம், மூக்கு வளைஞ்சு ஒரு போர்க்கப்பல் வந்துச்சு. நிமித்தி அனுப்பிட்டோம். ரெண்டாவது வருஷம், ஒரு நீர்மூழ்கி வந்துச்சு. டாய்லெட் அடைப்பு. அது ரொம்பக் கஷ்டமான யுத்தம்.”

“உங்க கப்பல் எங்கெல்லாம் போச்சு அங்கிள்?”

“நான் இருந்த நாலு வருஷத்துல நம்ம ஷிப் ரெண்டு தடவ நகர்ந்துச்சு. ஒண்ணு, பெயிண்ட் அடிக்கப் போனப்ப. இன்னொண்ணு, பெயிண்ட் அடிச்சுட்டுத் திரும்பி வந்தப்ப.”

மூன்றாவதாகவும் ஒருமுறை நகர்ந்திருக்கிறது. உடைப்பதற்காக இழுத்துக்கொண்டு போனார்களாம். அது நோட்டில் இல்லை.

அந்தக் கப்பலில் ஒரே ஒரு பீரங்கி. அதன்மேல் சமையல்காரர் இக்கான் பிலிஸ், அதுதான் நெத்திலி, காயப்போடுவாராம். “ஒரு தடவையாவது சுட்டாங்களா?” என்று கேட்டேன். அங்கிள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சுட்டா இக்கான் பிலிஸ் என்னாகும்?”

சம்பளம் நின்று அரை நூற்றாண்டு ஆகியும் அவர் அந்தக் கப்பலின் வேலையை விடவில்லை. மின்விசிறி, குடை, சைக்கிள், எதைக் கொண்டுபோனாலும் சரிசெய்வார். கூலி வாங்க மாட்டார். ஆனால் ஃபார்ம் வேண்டும். கப்பலில் பயன்படுத்திய ஃபார்மைப் போலவே தாமே ஒன்று தயாரித்து, கட்டுக் கட்டாக நகலெடுத்து வைத்திருந்தார். முதலில் கப்பலின் பெயர், கேப்டன் பெயர். அப்புறம் நாலு கேள்வி: என்ன பழுது? எந்த இடத்தில்? எப்போதிலிருந்து? கொண்டுவருவதற்குமுன் என்ன செய்து பார்த்தீர்கள்?

தேக்காவில் அவருடைய நண்பர் ஒருவர் கடை வைத்திருந்தார். அங்கே மாவரைக்கும் இயந்திரம் பாதி அரைப்பில் நின்றுவிட்டது. அங்கிள் போனார், ஃபார்மை நீட்டினார்.

“டேய், உளுந்து புளிக்குதுடா!”

“போர்க்கப்பலே வரிசையில நின்னுச்சு. உன் உளுந்து நிக்காதா? எழுது.”

கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கப்பலின் பெயர் என்ற இடத்தில் ‘இட்லி’ என்று எழுதினாராம். அங்கிள் அதை அப்படியே நோட்டில் ஏற்றிக்கொண்டார்.

நான் என் மகளின் தள்ளுவண்டியைக் கொண்டுபோனபோது ஃபார்மை வீட்டுக்கு எடுத்து வந்து முதலில் பென்சிலால் எழுதினேன். தப்பாகிவிட்டால் அழிக்கலாமே. ‘எப்போதிலிருந்து’ என்ற கேள்விக்குச் செவ்வாயா புதனா என்று என் கணவருக்கு அலுவலகத்துக்கே போன் செய்து கேட்டேன். அவர், “சக்கரம்தானே லா, விசாவா அப்ளை பண்ற?” என்றார்.

நான் அப்படித்தான். குழந்தை தும்மினால் மூன்று தடவை காய்ச்சல் பார்ப்பேன். மூன்றும் ஒரே அளவு காட்டினால் தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவேன். அதனால்தான் அடுத்து நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் சோபாவில் உட்கார்ந்து, வீட்டில் குழந்தைகளைப் பாதுகாப்பது எப்படி என்று கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டரை வயது நிலா, காரிடாரில் போன பூனையைப் பார்ப்பதற்காக வாசல் இரும்புக் கேட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டாள். தலை காரிடாருக்குப் போய்விட்டது. உடம்பு என் வீட்டில்.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு சரோஜா ஆன்ட்டி தேங்காயெண்ணெயோடு ஓடிவந்தார். பூட்டைத் திறந்தால் கேட்டோடு குழந்தையும் ஆடினாள். எண்ணெய் ஊற்றி உள்பக்கமாக இழுத்தோம். காது மாட்டியது. சோப்பு போட்டு இழுத்தோம். அவள் அலறினாள். அவளைவிட நான் அலறினேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றால் எண்ணெய்க் கையில் போன் வழுக்கியது. ஆன்ட்டி போனை வாங்கி அழைத்தார். வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்.

அதற்குள் கீழே செய்தி போய், அங்கிள் மூன்று கருவிப் பெட்டிகளோடு லிப்டிலிருந்து இறங்கினார். ரம்பத்தை எடுப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஃபார்மை எடுத்தார்.

“அங்கிள்! பிள்ளைக்குத் தலை மாட்டியிருக்கு!”

“தெரியுது. நீ எழுத வேணாம். வாயால சொல்லு, நான் எழுதறேன்.” அவர் தாமே ஃபார்ம் எழுதியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. “என்ன பழுது, தலை. எந்த இடம், கேட். எப்பலேர்ந்து?”

“பத்து நிமிஷம்!”

“என்ன செஞ்சு பாத்தீங்க?”

“எண்ணெய் போட்டோம், சோப்பு போட்டோம், இழுத்தோம்!”

“எந்தப் பக்கம் இழுத்தீங்க?”

“உள்ளதான்.”

“எல்லாத் தடவையும்?”

“எல்லாத் தடவையும் உள்ளதான்.”

அங்கிள் பேனாவை மூடினார். “காது பின்னாடி வராதும்மா. உடம்பு முன்னாடி போகும். ஒல்லிப் பிள்ளைதானே. தலை போன வழியில மத்தது போகாதா? எண்ணெய் இருக்கு, பலவந்தம் வேணாம். இறுக்குச்சுன்னா நிறுத்திட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்போம்.”

கருவிப் பெட்டிகள் மூன்றும் மூடியபடியே கிடந்தன. அவர் காரிடாரில் மண்டியிட்டு நிலாவின் தலையைத் தாங்கிக்கொண்டார். நான் உள்ளேயிருந்து அவளைப் பக்கவாட்டில் திருப்பினேன். முதலில் ஒரு கை, பிறகு தோள், பிறகு மெதுவாக வயிறு. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு முழுப் பிள்ளையும் அங்கிளின் மடியில் போய் விழுந்தாள். அழுகையை நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, “பூனை எங்க?” என்றாள்.

சரோஜா ஆன்ட்டி கைதட்டினார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

“என் தப்புதான் அங்கிள். போனைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதையும் ஃபார்ம்ல எழுதிக்குங்க.”

அவர் ஃபார்மை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அதுக்கு இதுல இடமே இல்லையேம்மா.”

“யார் தப்புன்னு கேக்க மாட்டீங்களா?”

“நம்ம ஷிப்ல அதைக் கேக்கவே மாட்டோம். யாரு மோதுனான்னு கேட்டா எவன் கொண்டு வருவான்? ஓட்டையோட கடல்லயே சுத்திட்டு முழுகிடுவான்.” பேனாவை நீட்டினார். “கப்பலைச் சோதிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு கேப்டன்.”

சோதித்தேன். காதுகள் சிவந்திருந்தன, ஆனால் இரண்டும் இருந்தன. பிறகு வந்த ஆம்புலன்ஸ்காரர்களும் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள். நான் அவர்களிடம் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. எண்ணெய்க் கையோடு, பென்சில் இல்லாமல், நேரே பேனாவில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பிய கணவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கேள்வி வரிசைப்படியே சொன்னேன்: என்ன, எங்கே, எப்போது, என்ன செய்தோம். அவரும் ஐந்தாவது கேள்வி கேட்கவில்லை. மறுநாள் கேட்டுக்கு வலை அடித்தார்.

போன வருடம் அங்கிள் மகன் வீட்டோடு இருக்க பூன் லே வட்டாரத்துக்குப் போய்விட்டார். அங்கேயும் வாய்ட் டெக், அங்கேயும் நீல நோட்டு. தோ பாயோவிலிருந்து அங்கே போக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஏதாவது பழுது வேண்டும். வீட்டில் இப்போதைக்கு எதுவும் கெடவில்லை. அதனால் நேற்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியில் இரண்டு திருகுகளை நானே கழற்றிவிட்டேன்.